எக்ஸைமர் லேசர்: எப்படி வேலை செய்கிறது, எங்கே பயன்படுகிறது

பார்வைக் குறையைத் திருத்தும் லாசிக் சிகிச்சையில் கருவிழியை (கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தை) செதுக்குவது, கைபேசிச் சிப்பில் நுண்ணிய கோடுகளைப் பதிப்பது, சொரியாசிஸ் படையை ஆற்றுவது, அடைத்துப்போன இதய ரத்தக்குழாயைத் திறப்பது ஆகிய நான்கையும் ஒரே குடும்பத்து லேசர்கள் செய்கின்றன. அந்தக் குடும்பத்தின் பெயர் எக்ஸைமர். இவற்றின் ஒளி புற ஊதாவில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. தொடர்ச்சியாக வராது, துடிப்புத் துடிப்பாக வரும். ஒரு துடிப்பின் நீளம் பொதுவாக 10 முதல் 30 நானோவிநாடி.

இந்த லேசரைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தைத்தான் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால், அது ஒளி இறங்கும் ஆழம். இதன் ஒளி பெரும்பாலான பொருள்களுக்குள் வெகுதூரம் போகாது. பிளாஸ்டிக்கோ திசுவோ சிலிக்கானோ, மேல்பரப்பிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். எந்த அலைநீளம் எந்தப் பொருளில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதை வைத்தே எந்த வேலைக்கு எந்த எக்ஸைமர் என்று முடிவாகிறது.

சேராத இரண்டு அணுக்கள்

ஆர்கான், கிரிப்டான், செனான் ஆகியவை மந்த வாயுக்கள். சாதாரண நிலையில் எதனோடும் சேராதவை. ஆனால் வாயுக் கலவைக்குள் 20 முதல் 40 கிலோவோல்ட் மின்னழுத்தத்தைப் பாய்ச்சினால், ஆர்கான் அணு தன் எலெக்ட்ரான் ஒன்றை இழக்கும் அல்லது அந்த எலெக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறும். அந்த நிலையில் அது சோடியம் போன்ற உலோகம் நடந்துகொள்வதுபோல் நடந்துகொண்டு, அருகில் உள்ள ஃப்ளோரினைப் பற்றிக்கொள்ளும். இப்படிப் பிறக்கும் ஆர்கான் ஃப்ளோரைடு மூலக்கூறு சில நானோவிநாடிகளே உயிரோடு இருக்கும். பிறகு 193 நானோமீட்டர் ஒளியை உமிழ்ந்து கீழ்நிலைக்கு வரும். கீழ்நிலையில் இரண்டு அணுக்களுக்கும் ஒட்டில்லை. வந்த வேகத்தில் பிரிந்துவிடும்.

இதில்தான் லேசருக்கான வசதி இருக்கிறது. எந்த லேசருக்கும் கீழ்நிலையில் இருப்பதைவிட மேல்நிலையில் அதிக மூலக்கூறுகள் இருக்க வேண்டும். பிற லேசர்களில் இதற்காகப் பாடுபட வேண்டியிருக்கும். இங்கே கீழ்நிலை மூலக்கூறு நிலைப்பதே இல்லை என்பதால் அந்த நிபந்தனை தானாகவே நிறைவேறிவிடுகிறது. ஒளிப் பெருக்கம் மிக அதிகம். வெளியேறும் பக்கத்துக் கண்ணாடி, ஒளியில் பத்து விழுக்காட்டை ஒட்டிய பங்கைத் திருப்பி அனுப்பினாலே லேசர் இயங்கிவிடும்.

துடிப்பாக மட்டுமே வருவதற்கும் காரணம் உண்டு. ஃப்ளோரின் கலந்த வாயுவில் மின்னிறக்கம் சீரான ஒளிர்வாக நீடிக்காது. சில பத்து நானோவிநாடிகளில் மெல்லிய தீப்பொறி இழைகளாகச் சுருங்கிவிடும். இழை விழுந்ததும் லேசர் நின்றுவிடும். அதற்குள் கிடைப்பதைத்தான் நாம் பயன்படுத்துகிறோம்.

வாயுவை மாற்றினால் அலைநீளம் மாறும். ஃப்ளோரின் மூலக்கூறு மட்டும் என்றால் 157 நானோமீட்டர், ஆர்கான் ஃப்ளோரைடு 193, கிரிப்டான் ஃப்ளோரைடு 248, செனான் குளோரைடு 308, செனான் ஃப்ளோரைடு 351. அலைநீளம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபோட்டானின் (ஒளித்துகளின்) ஆற்றலும் கூடும். 308-க்கு 4.0 எலெக்ட்ரான் வோல்ட், 248-க்கு 5.0, 193-க்கு 6.4. கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பை உடைக்க ஏறக்குறைய 3.6 போதும் என்பதை இந்த எண்களோடு சேர்த்துப் பாருங்கள்.

முதல் எக்ஸைமர் லேசரை 1970-இல் மாஸ்கோவின் லெபெதேவ் இயற்பியல் கழகத்தில் பாசொவ், தனிலிச்சேவ், போபொவ் ஆகியோர் திரவ செனானில் எலெக்ட்ரான் கற்றையைச் செலுத்திக் காட்டினார்கள். இன்று பயன்பாட்டில் இருக்கும் மந்த வாயு–ஹாலஜன் (ஃப்ளோரின், குளோரின் போன்றவை) வகைகள் 1975-இல் அமெரிக்க ஆய்வகங்களில் பிறந்தவை.

பெட்டிக்குள் இருப்பது

எக்ஸைமர் லேசரைப் பராமரிப்பவர்களின் நேரத்தில் பெரும்பகுதி ஒளியியலில் போவதில்லை, வாயுவில் போகிறது. அறைக்குள் இருக்கும் கலவையில் ஹாலஜன் 0.1 முதல் 0.2 விழுக்காடுதான். ஒளியைத் தரும் மந்த வாயு சில விழுக்காடு. மீதி எல்லாம் நியான் அல்லது ஹீலியம். மொத்த அழுத்தம் சாதாரணமாக 3, 4 பார்.

இரண்டு நீண்ட மின்முனைகள் எதிரெதிரே சில சென்டிமீட்டர் இடைவெளியில் இருக்கும். முக்கிய மின்னிறக்கத்துக்குச் சற்று முன்பு சிறு பொறிகளோ கொரோனா எனப்படும் மெல்லிய மின்னொளிர்வோ புற ஊதா ஒளியை உமிழ்ந்து, வாயு முழுக்கக் கொஞ்சம் எலெக்ட்ரான்களைத் தூவிவைக்கும். இந்த முன்-அயனியாக்கம் சரியாக நடக்காவிட்டால் மின்னிறக்கம் ஓர் ஓரத்தில் மட்டும் பாயும். கற்றை ஒருபக்கம் அழுத்தமாகவும் மறுபக்கம் வெளிறியும் வரும். ஒரு துடிப்பு முடிந்ததும் அந்த வாயு சூடாகவும் அயனிகள் நிறைந்தும் இருப்பதால், அடுத்த துடிப்புக்கு முன் அதை விசிறி கொண்டு அகற்றிப் புது வாயுவை மின்முனைகளுக்கு இடையே கொண்டுவர வேண்டும். விநாடிக்கு 6000 துடிப்பு தரும் சிப் தொழிற்சாலை லேசரில் உள்ளே புயல்வேகக் காற்றோட்டம் ஓடிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

ஃப்ளோரின் தொட்டதையெல்லாம் அரிக்கும். அறையின் உலோகம், பீங்கான், மின்முனை எல்லாவற்றோடும் மெல்ல மெல்ல வினைபுரிந்து தீர்ந்துபோகும். வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு, கார்பன் டெட்ராஃப்ளோரைடு போன்ற அசுத்தங்கள் ஒளியைக் குடிக்கும் அல்லது மின்னிறக்கத்தைக் கெடுக்கும். அறிகுறிகள் ஒரு வரிசையில் வரும். முதலில், அதே மின்னழுத்தத்தில் துடிப்பின் ஆற்றல் குறையும். ஆற்றலை நிலையாக வைத்திருக்கும் கட்டுப்பாடு மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும். அது மேல் எல்லையை நெருங்கும்போது கொஞ்சம் ஹாலஜன் ஊசியேற்றம் செய்வார்கள். அதுவும் போதாமல் போகும்போது கொஞ்சம் பழைய வாயுவை வெளியேற்றிப் புதியதைச் சேர்ப்பார்கள். கடைசியில் முழுவதும் மாற்றுவார்கள். அவசரப்பட்டு ஹாலஜனை அதிகம் ஊற்றினால் நிலைமை மோசமாகும்: மின்னிறக்கம் இழை இழையாகி, ஆற்றல் துடிப்புக்குத் துடிப்பு ஆடும்.

புது வாயு நிரப்பியும் ஆற்றல் ஏறவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டியது ஒளி வெளியேறும் சாளரங்களை. மின்முனை அரிப்பிலிருந்து வரும் உலோக ஃப்ளோரைடு தூசி உட்பக்கத்தில் படியும். ஃப்ளோரின் லேசர்களில் சாளரங்கள் கால்சியம் ஃப்ளோரைடு அல்லது மெக்னீசியம் ஃப்ளோரைடால் ஆனவை. சாதாரண சிலிக்காவை ஹைட்ரஜன் ஃப்ளோரைடு தின்றுவிடும். அறையைத் திறந்து மூடிய பிறகு ஈரம் தங்கியிருந்தால் முதல் சில நிரப்பல்கள் வேகமாகச் சாகும். ஆகவே முதலில் குறைந்த ஃப்ளோரினை விட்டு உட்சுவரில் ஒரு ஃப்ளோரைடு படலத்தைப் பழக்கிவிட்டுத்தான் வேலை தொடங்குவது வழக்கம். இந்தப் பொறுமையில்லாதவர் கையில் நல்ல லேசரும் பாழாகும்.

193 நானோமீட்டருக்கு இன்னொரு சிக்கல்: காற்றில் உள்ள ஆக்சிஜனே அதை உறிஞ்சி ஓசோனாக மாறும். அதனால் கற்றை போகும் குழாய்களில் நைட்ரஜன் ஓட்டுவார்கள். நைட்ரஜன் ஓட்டம் குறைந்தால், லேசர் முகப்பில் ஆற்றல் சரியாக இருக்க, வேலை நடக்கும் இடத்தில் மட்டும் குறையும். இரண்டு இடங்களிலும் அளந்து பார்க்காதவர் வாயுவைக் குறை சொல்லிக்கொண்டே இருப்பார்.

செதுக்கல்

1980-களின் தொடக்கத்தில் நியூயார்க் மாநிலம் யார்க்டவுன் ஹைட்ஸில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் ரங்கசாமி சீனிவாசன் இந்த ஒளியைப் பிளாஸ்டிக் மீது செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். 1929-இல் சென்னையில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்து அமெரிக்கா போன வேதியியலாளர். துடிப்புக்கு மைக்ரானின் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கின்) ஒரு பகுதி ஆழம் மட்டும் பெயர்ந்து, ஓரம் கருகாமல் பள்ளம் விழுவதை அவரது குழு கண்டது. 1981 நவம்பர் 27 அன்று, நன்றியறிதல் நாள் விருந்தில் மிஞ்சிய வான்கோழித் துண்டு ஒன்றின் மீது 193 நானோமீட்டர் கற்றையைச் செலுத்திப் பார்த்தார்கள். திசு சுத்தமாகப் பெயர்ந்தது. ஒப்பிட்டுப் பார்க்க 532 நானோமீட்டர் பச்சை லேசரைப் பயன்படுத்தியபோது அதே திசு கருகியது. உடன் வேலை செய்தவர்கள் ஜேம்ஸ் வின், சாமுவேல் பிளம். ஒரு மனித முடியில் ஒழுங்கான படிக்கட்டுகள்போல் வெட்டப்பட்டிருக்கும் அவர்களது நுண்ணோக்கிப் படம் உலகம் முழுவதும் சுற்றியது. 2013 பிப்ரவரியில் மூவருக்கும் அமெரிக்காவின் தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் வெள்ளை மாளிகையில் வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் லாசிக் செய்துகொண்டவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு இந்தப் பெயர் தெரியாது என்பது வருத்தம்.

ஏன் கருகவில்லை? மூன்று காரணங்கள் சேர்கின்றன. முதலாவது, ஒளி முழுவதும் மைக்ரானுக்கும் குறைவான தடிப்பில் அடங்கிவிடுகிறது. இரண்டாவது, ஃபோட்டானின் ஆற்றல் வேதிப் பிணைப்புகளை நேரடியாக உடைக்கப் போதுமானது. மூன்றாவது, 20 நானோவிநாடியில் வெப்பம் பிளாஸ்டிக்கிலோ திசுவிலோ சுமார் 0.1 மைக்ரான்தான் பரவ முடியும். உடைந்த துண்டுகள் அதற்குள் ஒலியைவிட வேகமாக வெளியே பாய்ந்து, வெப்பத்தையும் எடுத்துச் சென்றுவிடும்.

ஒரு நுழைவாயில் அளவு உண்டு. கருவிழியில் அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிஜூல். அதற்குக் கீழே எத்தனை துடிப்பு விட்டாலும் ஒழுங்கான செதுக்கல் நடக்காது. அதற்கு மேலே போகப் போக ஒரு துடிப்பின் ஆழம் கூடும், ஆனால் நேர்விகிதத்தில் அல்ல. மடக்கை வேகத்தில், மெதுவாக. ஆற்றலை இரட்டிப்பாக்கினால் ஆழம் இரட்டிப்பாகாது. ஆகவே ஆழம் வேண்டுமென்றால் ஆற்றலைக் கூட்டுவதில்லை, துடிப்புகளைக் கூட்டுவார்கள். எண்ணி எண்ணிச் செதுக்க முடிவதுதான் இதன் அருமை.

கருவிழியில்

கண் மருத்துவர் ஸ்டீபன் ட்ரோக்கல் 1983-இல் சீனிவாசனோடு சேர்ந்து விலங்குக் கண்களில் இதைச் சோதித்து, அவ்வாண்டு டிசம்பரில் கட்டுரை வெளியிட்டார். பார்வையுள்ள மனிதக் கண்ணில் இந்தச் சிகிச்சையை 1988-இல் மார்கரெட் மெக்டொனால்ட் செய்தார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1995-இல் அனுமதி அளித்தது.

கண்ணுக்கு 193 நானோமீட்டரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் தெளிவானது. 193-ஐக் கருவிழிப் புரதம் மைக்ரானுக்குள் விழுங்கிவிடுகிறது. அது செல்லின் உட்கருவை எட்டும் முன்பே புரதத்தில் தீர்ந்துவிடும். 248-ஐ அப்படி நம்ப முடியாது: டிஎன்ஏ அதிகம் உறிஞ்சும் 260 நானோமீட்டருக்கு அருகில் இருக்கிறது, ஆழமாகவும் போகும். மரபணுச் சேதத்துக்கு வழி திறந்துவிடும்.

கிட்டப்பார்வையில் கண்ணின் நீளத்துக்குக் கருவிழியின் வளைவு அதிகம். நடுவில் அதிகமாகவும் ஓரத்தில் குறைவாகவும் எடுத்தால் தட்டையாகும். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதற்கு மனர்லின் என்பவரின் எளிய கணக்கு உண்டு: டயாப்டரை (கண்ணாடி பவரின் அலகை) சிகிச்சை வட்டத்தின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, மூன்றால் வகுக்க வேண்டும். விட்டம் மில்லிமீட்டரில், விடை மைக்ரானில். மைனஸ் 4 பவர், 6 மில்லிமீட்டர் வட்டம் என்றால் 4 × 36 ÷ 3 = 48 மைக்ரான். வட்டத்தை 7 மில்லிமீட்டர் ஆக்கினால் அதே பவருக்கு 65 மைக்ரான். இருட்டில் கண்மணி பெரிதாக விரிபவருக்கு வட்டம் சிறியதாக இருந்தால் இரவில் விளக்கைச் சுற்றி ஒளிவளையம் தெரியும். வட்டம் பெரிதானால் திசு அதிகம் போகும். இந்த இழுபறியை ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகத் தீர்க்க வேண்டும்.

இப்போது பட்ஜெட் போடலாம். ஒருவரின் கருவிழி நடுவில் 540 மைக்ரான். லாசிக்கில் மேலே ஒரு மூடியைத் திறக்க 110 மைக்ரான். பவர் மைனஸ் 4 என்றால் 48 போய், மீதி 382. தாராளம். பவர் மைனஸ் 9 என்றால் 108 போய், 322. பரவாயில்லை. ஆனால் அதே மைனஸ் 9 உள்ளவருக்குக் கருவிழியே 490 மைக்ரான் என்றால் மீதி 272. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பது பழைய விதி. 300-ஐ விரும்பும் மருத்துவர்கள் பலர். மிச்சம் குறைந்தால் கண்ணின் உள் அழுத்தத்துக்குத் தாக்குப்பிடிக்காமல் கருவிழி மெல்ல முன்னே பிதுங்கும். இது வந்தபின் சரிசெய்வதைக் காட்டிலும் வராமல் தடுப்பது சுலபம். ஆரம்பநிலைக் கூம்புக் கருவிழி உள்ளவரை வரைபட ஸ்கேனில் கண்டுபிடித்து விலக்குவது, லேசரைச் சரியாக இயக்குவதைவிடப் பெரிய வேலை என்பேன்.

மூடி திறக்காத முறை பி.ஆர்.கே. மேலே உள்ள 50 மைக்ரான் தோலை மட்டும் அகற்றிவிட்டு நேராகச் செதுக்குவார்கள். மெல்லிய கருவிழிக்கு இது ஏற்றது. ஆனால் மூன்று நான்கு நாள் எரிச்சல், பார்வை தெளிய வாரங்கள், அதிகப் பவரில் பின்னால் மங்கல் படர வாய்ப்பு என்று விலை உண்டு. மங்கலைத் தடுக்க 0.02 விழுக்காடு மைட்டோமைசின் மருந்தைச் சில விநாடிகள் வைத்துக் கழுவுவார்கள். இன்று விளம்பரங்களில் வரும் ஸ்மைல் முறையில் எக்ஸைமர் கிடையாது. அது முழுக்க அகச்சிவப்பு ஃபெம்டோ லேசர், அதாவது மிகமிகக் குறுகிய துடிப்புள்ள வேறு வகை லேசர். லாசிக்கில் மூடியைத் திறக்கவும் அதே ஃபெம்டோ லேசர் அல்லது நுண்கத்தி பயன்படும். செதுக்குவது மட்டும் எக்ஸைமர்.

இன்றைய கருவிகள் மில்லிமீட்டருக்கும் குறைவான அல்லது அதை ஒட்டிய சிறு புள்ளியை விநாடிக்கு சில நூறு முறை கருவிழி மீது ஓட்டுகின்றன. கண் அசைந்தால் பின்தொடர ஒரு கேமரா உண்டு. நோயாளியைப் பச்சை அல்லது சிவப்பு விளக்கைப் பார்க்கச் சொல்வது, கண்ணின் நடுப்புள்ளி நழுவாமல் இருக்கத்தான்.

தவறு நடக்கும் இடங்கள் பெரும்பாலும் சாதாரணமானவை. மூடியைத் திறந்துவிட்டு மருத்துவர் தாமதித்தால் திசு உலரும். உலர்ந்த திசுவில் ஒரு துடிப்பு அதிகம் எடுக்கும். 5 விழுக்காடு மிகுந்தாலும் மைனஸ் 8 பவரில் 0.4 டயாப்டர் தப்பு. தண்ணீர் தேங்கினால் நேர்மாறாகக் குறைவாக எடுக்கும். அறையின் வெப்பமும் ஈரப்பதமும் தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்குள் இருக்க வேண்டும் என்பது இதனால்தான். அன்றைக்கு வாசனைத் திரவியம், டியோடரன்ட் எதுவும் போடாமல் வரச் சொல்வதும் வெறும் சம்பிரதாயம் அல்ல. அந்த ஆவிகள் 193 நானோமீட்டரை உறிஞ்சும், லென்ஸ்களிலும் படியும். நாள் தொடங்கும்போதும், கருவியைப் பொறுத்து இடையிடையேயும், பிளாஸ்டிக் தகட்டில் சோதனைத் துடிப்புகளை விட்டு ஆழம் சரிபார்க்கப்படும். சிகிச்சைக்கு முன் மென்மையான கான்டாக்ட் லென்ஸை ஒன்றிரண்டு வாரமும், கடினமான லென்ஸை இன்னும் நீண்ட காலமும் நிறுத்த வேண்டும். லென்ஸ் அழுத்தி மாற்றிய வடிவத்தை அளந்து செதுக்கினால் எல்லாக் கணக்கும் தவறான கண்ணுக்குப் போட்ட கணக்காகிவிடும்.

தோலிலும் குழாயிலும்

தோலுக்கு வேண்டியது செதுக்கல் அல்ல. 308 நானோமீட்டர் செனான் குளோரைடு கற்றை, ஏற்கெனவே தோல் மருத்துவர்கள் 311 நானோமீட்டர் விளக்குகளில் தரும் சிகிச்சையையே, நோயுள்ள இடத்தில் மட்டும் அடர்த்தியாகத் தருகிறது. சொரியாசிஸில் படையைத் தூண்டிவிடும் நோயெதிர்ப்பு டி செல்களைச் சாகடிக்கும். ஹங்கேரிய மருத்துவர்கள் 1997-இல் இதைப் பதிவு செய்தார்கள். நல்ல தோலில் எவ்வளவு ஒளிக்கு மெல்லிய சிவப்பு வருகிறது என்று முதலில் சோதித்து, அதன் மடங்காகத் தொடக்க அளவைக் குறிப்பார்கள். தடித்த படைக்கு அதிகம், மெல்லியதற்குக் குறைவு. வாரம் இரண்டு முறை, இடையில் குறைந்தது 48 மணி நேரம். சிவப்பு ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை அதே அளவு, கொப்புளம் வந்தால் குறைக்க வேண்டும். செதில்களை ஊறவைத்து எடுக்காமல் ஒளியைப் போட்டால் அது செதிலில் சிதறி வீணாகும்.

இதே ஒளியை வெண்புள்ளிக்கும் தருவார்கள். அதில் புது நிறம் முடிக்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளியாகத் தோன்றி ஒன்றோடொன்று சேரும். நிறமிச் செல்கள் அங்கிருந்துதான் மேலே ஏறி வருகின்றன. முகத்தில் நன்றாக வருவதும், முடியில்லாத விரல் நுனியிலும் உதட்டிலும் வர மறுப்பதும் அதனால்தான். முடியே வெளுத்துவிட்ட இடத்தில் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

இதயத்துக்கும் அதே 308 தான், வேறு காரணத்துக்காக. 193-ஐ நீளமான கண்ணாடி இழையில் அனுப்ப முடியாது. 308-ஐ சிலிக்கா இழை கடத்தும். ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் 0.9 முதல் 2.0 மில்லிமீட்டர் வரையிலான கதீட்டர்களின் (மெல்லிய குழாய்களின்) முனையில் இழைகள் வளையமாக இருக்கும். ஒளி திசுவுக்குள் சுமார் 50 மைக்ரான்தான் போகும் என்பதால், முனை தொடும் இடம் மட்டும் கரையும். இங்கே இரண்டு விதிகளை மீறக் கூடாது: கதீட்டரை விநாடிக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது, லேசர் ஓடும்போது உப்புநீர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ரத்தமோ எக்ஸ்ரே சாயமோ முனையில் இருந்தால் அது ஒளியை உறிஞ்சி ஆவிக்குமிழியாக வெடித்து, குழாயின் சுவரைக் கிழிக்கும். வேகமாகத் தள்ளினால் லேசர் கரைக்கும் முன்பே கதீட்டர் துளைத்துவிடும். பழுதான பேஸ்மேக்கர் கம்பி வடுத்திசுவில் ஒட்டிக்கொண்டால், அதைச் சுற்றி இதே லேசர் உறையைச் செலுத்தி விடுவிப்பதும் உண்டு. பெருஞ்சிரை கிழியும் ஆபத்து இருப்பதால், திறந்த இதய அறுவைக் குழு தயாராக இல்லாத இடத்தில் இதைச் செய்யக் கூடாது.

சிப்பும் திரையும்

சிப் தயாரிப்பில் வரைபடத்தை ஒளி கொண்டு சிலிக்கான் தட்டில் பதிக்கிறார்கள். பதிக்கக்கூடிய மிகச்சிறு கோடு, அலைநீளத்துக்கு நேர்விகிதம்; லென்ஸ் எவ்வளவு அகலமாக ஒளியைத் திரட்டுகிறதோ அதற்கு எதிர்விகிதம். 1980-களில் பாதரச விளக்குகளே பயன்பட்டன. ஐபிஎம்மில் காந்தி ஜெயின் 1982-இல் எக்ஸைமரை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார். எக்ஸைமர் கற்றையின் ஒளியலைகள் ஒன்றோடொன்று முழுக்க ஒத்திசையாததால், மற்ற லேசர்களில் வரும் புள்ளிப்புள்ளியான குறுக்கீடு இதில் குறைவு. லேசருக்குக் குறையாகத் தோன்றுவது இங்கே வரம்.

248 நானோமீட்டர் முதலில் வந்தது, பிறகு 193. லென்ஸுக்கும் தட்டுக்கும் நடுவே தூய நீரை ஓடவிட்டபோது, நீரின் ஒளிவிலகல் 1.44 என்பதால், 193 நானோமீட்டர் 134 ஆனதுபோல் வேலை செய்தது. இந்த முறையில் ஒரே பதிப்பில் ஏறக்குறைய 40 நானோமீட்டர் கோடு வரை போகலாம். அதைவிடச் சிறியது வேண்டுமானால் ஒரே அடுக்கைப் பல முறை பிரித்துப் பதிக்க வேண்டும். 157-க்குப் போகும் முயற்சி 2003 வாக்கில் கைவிடப்பட்டது. 13.5 நானோமீட்டர் அதீதப் புற ஊதா வந்த பிறகும், முன்னணிச் சிப்பின் பெரும்பாலான அடுக்குகள் எக்ஸைமரில்தான் பதியப்படுகின்றன.

இங்கே கற்றையின் நிறத் தூய்மையே உயிர். சாதாரண ஆர்கான் ஃப்ளோரைடு ஒளி அரை நானோமீட்டர் அகலம் பரவியிருக்கும். சிலிக்கா லென்ஸ் ஒவ்வொரு நிறத்தையும் வேறு தூரத்தில் குவிப்பதால் படம் கலங்கும். நிறங்களைப் பிரிக்கும் பட்டகங்களையும் கீற்றணியையும் வைத்து அகலத்தைப் பைக்கோமீட்டரின் ஒரு பகுதிக்குச் சுருக்குகிறார்கள். அப்படிச் சுருக்கிய பலவீனமான ஒளியை இன்னொரு அறையில் பெருக்குகிறார்கள்.

ஒளி குறைவாக இருந்த காலத்தில் பிறந்தது ஒளி உறிஞ்சும் பூச்சின் புது வேதியியல்: ஒரு ஃபோட்டான் ஓர் அமில மூலக்கூறைப் பிறப்பிக்கும், அந்த அமிலம் சூட்டில் நூற்றுக்கணக்கான இடங்களை மாற்றும். இதன் பலவீனம் காற்றில் இருக்கும் அமீன் (அம்மோனியா வகைக் காரம்) ஆவி. பூச்சின் மேற்புறத்தில் அமிலத்தை நடுநிலையாக்கிவிடும். கோட்டின் குறுக்குவெட்டு தொப்பி போட்டதுபோல் மேலே அகன்று வரும். பெயின்ட், பசை, சுத்திகரிப்பு திரவம் எதன் ஆவியும் அறைக்குள் வராதபடி வேதியியல் வடிகட்டிகள் வைப்பது இதனால்தான்.

நியான் கதையையும் சொல்லியாக வேண்டும். சிப் லேசரின் வாயுக் கலவையில் 95 விழுக்காட்டுக்கும் மேல் நியான். அது இரும்பு ஆலைகளின் காற்றுப் பிரிப்பு நிலையங்களில் கிடைக்கிறது. சிப் தரத்துக்குச் சுத்திகரிக்கும் பெரிய நிறுவனங்கள் உக்ரைனின் ஒடேசாவிலும் மரியுபோலிலும் இருந்தன. உலகத் தேவையில் பாதியளவை அவை தந்ததாகக் கணக்கிட்டார்கள். 2014-இல் விலை எகிறியது. 2022-இல் போரால் அவை நின்றன. அதன் பிறகு வாயுவை மீட்டு மறுசுழற்சி செய்வது தொழிற்சாலைகளில் அவசிய வேலையானது.

கைபேசித் திரையின் பின்னால் இருக்கும் டிரான்சிஸ்டர்களுக்கும் 308 லேசரே காரணம். கண்ணாடி மீது படிந்த சுமார் 50 நானோமீட்டர் தடிப்புள்ள ஒழுங்கற்ற சிலிக்கானை, ஒரு நீண்ட மெல்லிய கோடாக நீட்டிய கற்றை உருக்குகிறது. பிறகு அது படிகமாக உறைகிறது. எலெக்ட்ரான் ஓடும் வேகம் நூறு மடங்கு கூடும். ஒளி சிலிக்கானில் தீர்ந்துவிடுவதால் கீழே கண்ணாடி உருகாது. ஒவ்வொரு இடமும் இருபது துடிப்பு வாங்குமளவு கற்றை நகர்கிறது. சிலிக்கான் ஏறக்குறைய முழுதும் உருகி, அடியில் சில விதைகள் மட்டும் மிஞ்சும் ஆற்றல் வேண்டும். கொஞ்சம் குறைந்தால் படிகம் சிறியது. கொஞ்சம் கூடினால் விதையே இல்லாமல் முழுதும் உருகி, மறுபடியும் பொடிப்படிகமாகும். சதுர சென்டிமீட்டருக்கு சில நூறு மில்லிஜூலில் இருக்கும் இந்தக் குறுகிய சன்னல் தவறினால் திரையில் கோடு கோடாகத் தெரியும்.

இதுபோலவே மைத்தெளிப்பு அச்சுப்பொறியின் துளைகளைப் பாலிமைடு பிளாஸ்டிக்கில் போடுவது, கண்ணாடி இழைக்குள் 248 நானோமீட்டரால் கீற்றுகள் பதிப்பது, மடக்கும் திரையைக் கண்ணாடியிலிருந்து பிரித்தெடுப்பது, மெல்லிய மருத்துவக் கம்பியின் உறையை உரிப்பது என்று வேலைகள் நீள்கின்றன. கற்றையின் நடு அழுத்தமாகவும் ஓரம் மெலிந்தும் இருக்கும் இயல்பைச் சிறு லென்ஸ் அணிகள் வைத்துச் சமன்செய்யாமல் இவற்றில் எதையும் நம்பகமாகச் செய்ய முடியாது.

பாதுகாப்பில் இரண்டைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். ஒன்று ஒளி: 193-உம் 248-உம் கருவிழியை எரிக்கும், 308 அதையும் தாண்டி உள்ளே இருக்கும் கண் லென்ஸைத் தாக்கும். தெளிவான பாலிகார்பனேட் கண்ணாடி இவற்றைத் தடுக்கும், ஆனால் அந்த அலைநீளத்துக்கான சான்று பொறித்த கண்ணாடியைத்தான் அணிய வேண்டும். கற்றை எங்கே விழுகிறது என்று பார்க்க வெள்ளைத் தாளை நீட்டினால் நீலமாக ஒளிரும். கையை நீட்டக் கூடாது. மற்றொன்று வாயு: ஃப்ளோரின் வேலையிடக் காற்றில் பத்து லட்சத்தில் 0.1 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. உருளைகள் காற்றை வெளியே இழுக்கும் அலமாரிக்குள் இருக்க வேண்டும். வெளியேறும் பழைய வாயு வினைபுரியும் வடிகட்டியைக் கடந்துதான் போக வேண்டும். அலாரம் ஒலித்தால் முதலில் அறையை விட்டு வெளியேற வேண்டும். காரணத்தைத் தேடுவது அதன் பிறகு.